தங்கப்பாண்டியின் ஜீப்புக்கு நான் மாட்டியவை

கார் சாமான் கடை வைத்திருப்பவனுக்கு வண்டியைப் பற்றித் தெரியாதது எதுவுமே இருக்காது என்று ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கையில்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது, அதே நம்பிக்கையால்தான் நாங்கள் முழிபிதுங்கி நிற்கவும் செய்கிறோம்.

ராஜபாளையத்தில் என் கடையில் நான் பார்க்கிற வேலை சீட் கவர், தரை மேட், பாட்டு சிஸ்டம், ஹாரன், அவ்வளவுதான். சின்ன வண்டிக்குப் பெரிய லாரி ஹாரன் வேண்டும் என்று கேட்பவரைத் தவிர எனக்கு வேறு தலைவலி இருந்ததில்லை. அப்படி இருந்த என்னிடம்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் பள்ளிக்கூடத்துச் சேக்காளி தங்கப்பாண்டி, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஒரு ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பை செகண்ட் ஹேண்டில் வாங்கி நேராக ஓட்டிக்கொண்டு வந்தான். பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவன். உங்களில் யாராவது நண்பனுக்கு வேலை செய்து கொடுத்தவர்கள் இருந்தால் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். மற்றவர்களுக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கும்.

விஷயம் இதுதான். அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரித்தபோது, வன்னியம்பட்டியில் ரோட்டை ஒட்டிய வயல் அண்ணனுக்குப் போய்விட்டது. தங்கப்பாண்டிக்கு வந்தது அய்யனார் கோவில் பக்கம், மலையடிவாரத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாந்தோப்பு. மழைக் காலத்தில் ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் உள்ளே போக முடியாது. ஏமாற்றிவிட்டார்கள் என்று அவன் மனைவி கஸ்தூரிக்கு ஆறாத கோபம். அந்தத் தோப்பில் கால் வைக்கமாட்டேன் என்று சொன்னவர், ஐந்து வருஷமாக வைக்கவும் இல்லை. இவனோ மிச்ச காலத்தை அங்கேதான் கழிப்பது என்று சின்னதாக ஒரு வீடும் கட்டிவிட்டான். வீடு பூட்டியே கிடந்தது. கடைசியில் கஸ்தூரி ஒரு வார்த்தை சொன்னாராம். அதை அவன் என் கடையில் வந்து அப்படியே ஒப்பித்தான்:

"ஓடையில தண்ணி ஓடும்போது ஒரே ஒரு தரம் என்னைய அங்கன கொண்டுபோய்ச் சேருங்க. பொறவு நான் அங்கயே இருக்கேன்."

மூக்கு வைத்த கதை

தண்ணீரில் இறங்கினால் இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விடக் கூடாது, அதனால் ஸ்நார்க்கல் வேண்டும் என்றான். இன்ஜின் மூச்சு விடுவதற்காகப் பக்கவாட்டில் கூரை வரைக்கும் ஏறுகிற கறுப்புக் குழாய். ஆன்லைனில் வரவழைத்துப் பெட்டியோடு கொண்டு வந்து என் மேஜையில் வைத்தான். உள்ளே ஒரு தாள் இருந்தது. அதில் எனக்குத் தெரிந்த மொழி எதுவும் இல்லை. படத்தில் ஒரு வெள்ளைக்காரன் சிரித்துக்கொண்டே மட்கார்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். சீட் கவருக்கு நாடா கட்டிப் பழகிய கையால், நண்பன் வண்டியின் தகரத்தை அறுக்கவேண்டும். பிஸ்மில்லா சொல்லித்தான் டிரில்லை வைத்தேன்.

மாட்டி முடித்த பிறகு அடுத்த குழப்பம். குழாயின் வாய் முன்னால் பார்க்கவேண்டுமா, பின்னால் பார்க்கவேண்டுமா? முன்னால் பார்த்தால் காற்று நன்றாகப் போகும் என்றான் தங்கப்பாண்டி. காற்று போனால் மழையும் போகும் அல்லவா என்றேன் நான். முன்னால் திருப்பினோம், பின்னால் திருப்பினோம், மறுபடியும் முன்னால் திருப்பினோம். ஸ்டீயரிங் உறை வாங்க வந்த ஒருவர் செத்த நேரம் இதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, என் காதருகே வந்து கேட்டார்:

"ஏன் பாய், இவிய வண்டிக்குள்ள அடுப்பு எரிக்கப் போறாவளா?"

கும்பிடு போட்ட வண்டி

அடுத்து வின்ச். முன் பம்பருக்குள் ஒரு மோட்டார், அதில் சுற்றிய கயிறு. சேற்றில் மாட்டிக்கொண்டால் கயிற்றை ஒரு மரத்தில் கட்டிவிட்டு சுவிட்சைத் தட்டவேண்டும், வண்டி தன்னைத்தானே வெளியே இழுத்துக்கொள்ளும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வின்ச்சைத் தாங்கப் பழைய பம்பர் போதாது என்று இரும்பில் கனமான பம்பர் வாங்கினான். நாலு பேர் தூக்கி மாட்டினோம்.

மாட்டிவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் எனக்கு எங்கோ உதைத்தது. வண்டியின் முன்பக்கம் தாழ்ந்துபோய், பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஓடையைத் தாண்ட வாங்கிய வண்டி, ஸ்பீடு பிரேக்கரையே தாண்டாது போலிருந்தது. தங்கப்பாண்டி என்னைப் பார்த்தான். நான் என் கடை எலக்ட்ரீசியன் செல்வத்தைப் பார்த்தேன். அவன் பயபக்தியோடு வண்டியைப் பார்த்துச் சொன்னான்:

"அண்ணே, இது ஓடைக்குப் போகாது போலயே. இங்கனயே சாமி கும்பிட ஆரம்பிச்சிருச்சு."

உயரம்

தாழ்ந்ததைத் தூக்க ஸ்பிரிங்கை மாற்றினோம். தூக்கியதும் பழைய டயர் சின்னதாகத் தெரிந்தது. அதனால் அகலமான பெரிய டயர். பெரிய டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றதால், அதை மூட ரப்பர் விளிம்பு. ஒன்றை மாட்டினால் அது இன்னொன்றைக் கேட்கிறது, அதை மாட்டினால் மூன்றாவதைக் கேட்கிறது. எங்கே ஆரம்பித்தோம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. இந்தக் காலமெல்லாம் ஜீப் என் கடை வாசலில்தான் நின்றது. தோப்புக்கு அவன் பைக்கில்தான் போய்வந்தான்.

ஒரு நாள் கஸ்தூரி, ராஜபாளையத்துக்குத் துணி எடுக்க வந்தவர், கடைக்கு வந்தார். ஏறிப் பாரு என்று தங்கப்பாண்டி பெருமையாகக் கதவைத் திறந்துவிட்டான். கால் வைக்கும் இடம் அவர் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. சேலையை ஒரு கையில் பிடித்தார், கைப்பிடியை ஒரு கையில் பிடித்தார், இரண்டு தரம் எக்கிப் பார்த்தார். நான் கடைக்குள் ஓடி பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்து வந்து போட்டேன். அவர் ஸ்டூலையும் பார்த்தார், வண்டியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். எனக்கு ஊசி மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

"மலைக்குப் போறதுக்கு முன்னாடி இதுல ஏறணுமாண்ணே? இதுக்கு அந்த மலையே தேவலை."

ஆறு சுவிட்ச்

தோப்புப் பக்கம் இருட்டு என்று கூரை மேல் நீளமான லைட், பம்பரில் இரண்டு லைட், பின்னால் ஒரு லைட். வின்ச்சுக்குத் தனி, உள்விளக்குக்குத் தனி. ஆக டேஷ்போர்டில் ஆறு சுவிட்ச். செல்வம்தான் வயரிங் செய்தான். எது எதற்கு என்று எழுதி ஒட்டச் சொன்னேன். மனசில் இருக்கிறது என்றான். மறுநாள் அவன் மச்சினன் கல்யாணத்துக்குப் போய்விட்டான், மனசையும் கூடவே கொண்டு போய்விட்டான்.

அன்று என்னையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் தங்கப்பாண்டி வைப்பர் போடப் போய் ஏதோ ஒன்றைத் தட்டினான். பட்டப் பகலில் எல்லா விளக்கும் எரிந்தன. அணைக்கத் தெரியவில்லை. எரிய எரியவே போய், வண்டிகளை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் முன்னால் நின்றோம். அவர் சுற்றி வந்தார். நான் ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிக்கொண்டிருந்தேன். தங்கப்பாண்டி இறங்கி விறைப்பாக நின்று தான் பட்டாளத்தில் இருந்ததைச் சொன்னான். கூரை விளக்குக்கு ரோட்டில் உறை போட்டு மூடிக்கொண்டு போகவேண்டும் என்று அவர் கண்டித்தார். பிறகு ஸ்நார்க்கலைத் தடவிப் பார்த்தவாறே கேட்டார்:

"சார், எந்த பார்டர்ல சார் சண்டை?"

புரட்டாசி சனிக்கிழமை

வண்டி சத்தம் போடுகிறது, வந்து பார் என்று தங்கப்பாண்டி என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூப்பிட்டான். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று கிளம்பினோம். அன்று புரட்டாசி சனிக்கிழமை என்பது அவனுக்கு நினைவில்லை, எனக்கு எப்படி இருக்கும்? ஊருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்கிற குன்றில் இருக்கும் பெருமாளைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவில் போய்ச் சிக்கிக்கொண்டோம். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்கி முன்னால் நின்று, சத்தம் எங்கே என்று பேசிக்கொண்டிருந்தோம்.

பின்கதவு திறந்தது. கையில் துளசி மாலையும் பையுமாக ஓர் அம்மாள் ஏறி உட்கார்ந்தார். அவர் பின்னால் இரண்டு பேர். இந்த வண்டியில் ஏறுவது கஷ்டம் என்று நாங்கள் அத்தனை நாளாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். இவர்கள் எப்படி ஏறினார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்த தங்கப்பாண்டியை முந்திக்கொண்டு அந்த அம்மாள் கேட்டார்:

"வன்னியம்பட்டி முக்குல எறக்கி விட்டுருவியள்ல? அங்க நின்னு எம்புட்டு நேரம்யா பேசுவிய, எடுங்க வண்டிய."

எடுத்தோம், வேறு என்ன செய்ய?

தண்ணீர் வந்த நாள்

ஐப்பசியில் மலை மேல் நல்ல மழை. ஓடையில் தண்ணீர் ஓடுகிறது என்று தகவல் வந்ததும் தங்கப்பாண்டி போன் செய்தான். ஏதாவது கழன்றுவிட்டால் மாட்டுவதற்கு நான் கூட வரவேண்டுமாம். போனேன். முன்சீட்டில், ஸ்டூல் போட்டு ஏறி உட்கார்ந்த கஸ்தூரி. பின்சீட்டில் நான், எனக்குத் தெரிந்த துஆவையெல்லாம் ஓதிக்கொண்டு. அவன் ஆசை முழுவதும் இந்த ஒரு பயணத்தில் இருந்தது. என் கையால் மாட்டிய ஏதாவது ஒன்று ஏமாற்றினால், அந்த வீடு பூட்டியேதான் கிடக்கும்.

ஓடைக்கரையில் நிறுத்தினான். கலங்கல் தண்ணீர் வேகமாகப் போனது. வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர், தலையில் புல்லுக்கட்டோடு தொடையளவு தண்ணீரில் எங்கள் பக்கம் நடந்து வந்து, வண்டி ரிப்பேரா என்று விசாரித்துவிட்டுப் போனார். தங்கப்பாண்டி என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டான், "மாப்ள, ஃபோர் வீல்ல எப்படிப் போடணும்?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கியருக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன லீவரை நான் ஒரு நாளும் தொட்டதில்லை. பட்டாளத்துக்காரனுக்குத் தெரியாததா என்று நான் இருந்துவிட்டேன். கடைக்காரனுக்குத் தெரியாததா என்று அவன் இருந்துவிட்டான். "நீ பட்டாளத்துல ஜீப் ஓட்டலியாலே?" என்றேன். "நான் ஸ்டோர்ல கம்பளி எண்ணிக்கிட்டு இருந்தேன்டா" என்றான். இரண்டு பேரும் லீவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கஸ்தூரி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு குனிந்து, லீவரின் தலையில் இருந்த படத்தை விரலால் துடைத்துப் படித்தார்.

"நாலுன்னு இதுலயே போட்டுருக்கே. இம்புட்டு நாளா ரெண்டு பேரும் என்னத்தைப் பாத்துக்கிட்டு இருந்தீய?"

வாசல்

வண்டியை நியூட்ரலில் போட்டு, லீவரை இழுத்ததில் ஒருவழியாக அது விழுந்தது. தண்ணீரில் இறங்கினோம். சொல்லக்கூடாது, ஜீப் யானை மாதிரி போனது. தண்ணீர் பம்பரில் மோதிப் பிரிந்தது, டயர் கல்லைப் பிடித்து ஏறியது, அக்கரையில் போய் நின்றபோது நான் கத்தியே விட்டேன். தங்கப்பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டான். அங்கிருந்து தோப்பு வாசல் கூப்பிடு தூரம்தான். வாசலில் அவன் அப்பா காலத்தில் நட்ட இரண்டு கல்தூண்கள். அவற்றுக்கு நடுவில் விட்டான். கரக்கென்று ஒரு சத்தம். வண்டி நின்றது.

இறங்கிப் பார்த்தோம். ரப்பர் விளிம்பு இந்தப் பக்கத் தூணிலும் உரசியது, அந்தப் பக்கத் தூணிலும் உரசியது. வாங்கிய அன்று இருந்த அகலத்தில் தாராளமாகப் போயிருக்கும். நான் மாட்டிய டயரும் விளிம்பும்தான் மறித்தன. வாசலை அளக்கவேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. தங்கப்பாண்டி வெறி பிடித்தவன் போல வின்ச் கயிற்றை இழுத்துத் தூணில் கட்டப் போனான். அப்பா நட்ட தூணுடா என்று நான் தடுத்தேன். கயிற்றை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லையே என்றான். அத்தனையும் என் கை செய்த வேலை.

வண்டிக் கதவு திறந்தது. கஸ்தூரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானாகவே இறங்கினார். சேலையைத் தூக்கிச் செருகினார். வண்டிக்கும் தூணுக்கும் நடுவில் இடமில்லை என்று பார்த்துவிட்டு, பக்கத்து முள்வேலியை விலக்கி உள்ளே போனார். ஈரமான மாமரங்களுக்கு நடுவே பத்தடி நடந்து, நின்று, வீட்டைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்:

"அம்புட்டுத் தண்ணியத் தாண்டியாச்சு, இங்கன வந்து ஒப்பாரி வச்சுக்கிட்டு இருக்கிய. சாவியக் குடுங்க."

தோப்பில் கால் வைக்கமாட்டேன் என்றவரை உள்ளே கூட்டிப்போனது நான் மாட்டிய மூக்கா, கயிறா, டயரா, அல்லது அதெல்லாம் சேர்ந்து நுழைய முடியாமல் போன அந்த வாசலா என்று எனக்கு இன்றுவரை விளங்காததால், எதை மாட்டினால் நல்லது என்று கேட்கிற வாடிக்கையாளருக்கு எல்லாவற்றையும் எடுத்துக் காட்டிவிட்டு நான் பேசாமல் உட்கார்ந்துகொள்கிறேன்.