கரு விலகிய தாள்

ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பியவன் நான். சாத்தூரில் தீப்பெட்டிக் கம்பெனி, ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லோடு, நடுவில் கொஞ்ச காலம் கேரளத்தில் ஓட்டல் வேலை. எங்கும் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. கல் ஏற்றும்போது பெருவிரல் நசுங்கி நகம் போனது. பாரம் தூக்காத வேலையாகப் பார்ப்போம் என்று சிவகாசிக்கு வந்து ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். காகிதம் லேசானது என்று நினைத்திருந்தேன். ஒரு கட்டைத் தூக்கிய பிறகுதான் தெரிந்தது.

சித்திரை மாதம். காலண்டர் சீசன் போய், பள்ளிக்கூட சார்ட் சீசன் நடந்துகொண்டிருந்தது. வகுப்பறைச் சுவரில் மாட்டுகிற படங்கள். கண், காது, இதயம், இந்திய வரைபடம். நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் ஓடிக்கொண்டிருந்தது செல் படம். ஒரே தாளில் இடது பக்கம் தாவர செல், வலது பக்கம் விலங்கு செல்.

எங்கள் மிஷின் பழையது. ஒரு நேரத்தில் ஒரு கலர்தான் ஓட்டும். முதலில் மஞ்சள். வெள்ளைத் தாளில் எண்ணெய்க் கறை மாதிரி இரண்டு திட்டுகள் விழுந்தன. அது காய்ந்ததும் சிவப்பு ஓட்டினோம். ஒவ்வொரு திட்டுக்குள்ளும் உருண்டையாக ஒன்று வந்து உட்கார்ந்தது. பிறகு நீலம். மஞ்சளோடு நீலம் சேர்ந்த இடமெல்லாம் பச்சையாகி, செடியின் பக்கம் சின்னச் சின்ன இலைப்புழுக்களைப் போலப் பசுங்கணிகங்கள் எழுந்தன. கறுப்பு கடைசியில்தான். எல்லைக்கோடும் பெயரும் கறுப்பில்தான் வரும். அதுவரைக்கும், இன்னதென்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று கூடம் முழுக்க அடுக்கடுக்காகக் கிடந்தது.

அந்த வெயிலில் தாள் காயும்போது சத்தம் போடும். ஈரம் போகப் போக ஓரம் சுருங்கி, அடுக்குக்குள்ளிருந்து டிக், டிக் என்று கேட்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அடுக்குகளுக்கு நடுவில் துண்டை விரித்துப் படுப்பேன். தூக்கம் வராது. எல்லாத் தாளிலும் அந்தச் சிவப்பு உருண்டை ஒரே இடத்தில் இருப்பது தெரிந்துகொண்டே இருக்கும்.

கறுப்பு பிளேட்டின் மாதிரித் தாளைத்தான் நான் பாடமாகப் படித்தேன். செல் சவ்வு, உள்ளே வருவதையும் வெளியே போவதையும் பார்த்து விடும் மெல்லிய தோல். மைட்டோகாண்ட்ரியா, ஆற்றல் தருவது. ரைபோசோம், புரதம் செய்வது. லைசோசோமுக்குப் பக்கத்தில் தற்கொலைப் பை என்று போட்டிருந்தது. செல் கெட்டுப்போனால் அது உடைந்து செல்லையே தின்றுவிடுமாம். உட்கரு, இது எல்லாவற்றையும் நடத்துவது. செடிக்கு மட்டும் சவ்வுக்கு வெளியே இன்னொரு கெட்டியான சுவர் உண்டு. நடுவில் பெரிய நுண்குமிழ் ஒன்று இருக்கும். நீரையும் உணவையும் சேர்த்து வைக்கிற அறை அது. அந்த அறை இடத்தை அடைத்துக்கொள்வதால் செடியின் உட்கரு ஓரமாக ஒதுங்கி, சுவரை ஒட்டி இருக்கும். விலங்குக்குச் சுவர் கிடையாது.

மிஷின் ஓட்டியவரை நாங்கள் அண்ணாச்சி என்போம். கலர் இடம் மாறி விழுந்தால், எது விலகியதோ அதன் பெயரைச் சொல்லிக் கத்துவது எங்கள் அச்சகத்து வழக்கம். சாமி படம் ஓடும்போது, “அம்மனுக்கு மூக்குத்தி கழண்டுருச்சுலே!” என்பார். வரைபடம் ஓடும்போது, “இலங்கை கரையேறிருச்சு!” என்பார். நான் ஓடிப்போய் மிஷினை நிறுத்த வேண்டும்.

தாள் பிரிக்கும் மேசையில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். அதில் ஓர் அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். வீட்டுக்காரர் ஏழாயிரம்பண்ணை பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டினார். அக்காவுக்கு இதற்கு முன் இரண்டு முறை கலைந்திருந்தது. இரண்டும் ஏழாம் மாதத்தைத் தொடவில்லை. வீட்டில் சும்மா கிடந்தால் நினைப்பு எங்கெங்கோ போகிறது என்று வேலைக்கு வந்துகொண்டிருந்தார். உட்கார்ந்து தாளைப் புரட்டுகிற வேலைதான். இந்தப் பிள்ளை தங்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சு இல்லை. உதைக்கும்போதெல்லாம் கையை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்.

கறுப்பு ஓடிக்கொண்டிருந்த அன்று காலையில் தாளைப் பிடித்து இழுக்கும் கிரிப்பர் வழுக்கியது. அண்ணாச்சி கத்தினார்.

“ஏலே, நிப்பாட்டுலே! கரு வெளிய வந்துருச்சு!”

நான் நிறுத்தினேன். மிஷின் அடங்கியதும் மேசைப் பக்கமிருந்து அக்காவின் குரல் கேட்டது.

“யாருக்கு?”

அவர் பக்கத்தில் இருந்த, நாங்கள் வாயாடி அக்கா என்று சொல்கிறவர் சிரித்துக்கொண்டே, “ஏட்டி, யாருக்குமில்லட்டி. படத்துக்கு” என்றார்.

அக்கா எழுந்து வந்து தாளைப் பார்த்தார். கறுப்புக் கோடெல்லாம் ஒரு பக்கம், கலரெல்லாம் ஒரு சாண் வலது பக்கம். செடியின் உட்கரு ஓரத்திலிருந்து நகர்ந்து நடு அறைக்குள் விழுந்திருந்தது, சுவரைத் தாண்டவில்லை. விலங்கின் உட்கரு மொத்தமாக வெளியே வந்து, வெள்ளைத் தாளில் தனியாகக் கிடந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வளையம். ‘உட்கரு’ என்ற பெயரிலிருந்து ஒரு கோடு அந்த வெறும் வளையத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது.

அக்கா கீழே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். “விலங்கு செல். மனிதக் கன்னத்தின் உட்புறம்.” நிமிர்ந்து, “மனுசங்களோடதா அண்ணாச்சி இது?” என்றார்.

“எதுவா இருந்தா என்ன தாயி, வேஸ்ட்டுதான். இப்ப லோடு ஆட்டோ வந்துரும். குழல் உருட்டுற கொட்டகைக்குப் போயிரும்.”

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் வேஸ்ட் தாள் என்ன ஆகும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதை வெட்டிப் பட்டாசுக் குழலாக உருட்டுவார்கள். குழலுக்குள் மருந்து போகும். பிறகு எங்கேயோ ஒரு தெருவில் யாரோ ஒருவர் பற்றவைப்பார்.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா டப்பாவைத் திறக்கவில்லை. என்னவென்று கேட்டதற்கு, “காலையில இருந்து மிதிச்சுக்கிட்டே கெடந்துச்சு. அண்ணாச்சி சத்தம் போட்டதுல இருந்து அசையக் காணோம்” என்றார்.

வாயாடி அக்காவின் சிரிப்பு போய்விட்டது. உடனே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இரண்டு பேரும் திரும்பி வந்தபோது வாயாடி அக்கா, “துடிப்பு நல்லாக் கேக்குதாம். தூங்குதாம். நர்சம்மா நல்லா இனிப்பாக் குடிக்கச் சொன்னாக, ரெண்டு ஜூஸ் வாங்கிக் குடுத்தேன். அப்பயும் அசையாட்டி சாயங்காலம் வரணுமாம்” என்றார்.

“துடிப்பு அவுக மிஷினுக்குக் கேக்குது. எனக்கு அசையணும்ல” என்றார் அக்கா. வீட்டுக்குப் போகவில்லை. நேரே மிஷின் பக்கம் வந்தார். “அந்தத் தாளுக எங்க?”

லோடு ஆட்டோ எப்போதோ போயிருந்தது. அண்ணாச்சி என்னைப் பார்த்து, மொபெட் சாவியை எடுத்து நீட்டினார். “போய் எடுத்துட்டு வாலே. ஒண்ணும் கேக்காத, போ.”

கொட்டகை சாத்தூர் ரோட்டில் கருவேலங்காட்டை ஒட்டி இருந்தது. நான் போனபோது கட்டைப் பிரித்து வெட்டத் தொடங்கியிருந்தார்கள். பெண்கள் கம்பியில் தாளைச் சுற்றி, பசை தடவி, உருவி, குழல்களைத் தட்டில் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். நெருக்கி நின்ற குழல்களை மேலிருந்து பார்த்தேன். சுவரோடு சுவர் ஒட்டிய வெறும் அறைகள். சிலவற்றின் உட்புறம் சிவப்பாக இருந்தது.

நான் தாளைத் திருப்பிக் கேட்டதும், மேற்பார்த்துக்கொண்டிருந்த அம்மா, “வேஸ்ட்டக் குடுத்துட்டுத் திரும்பக் கேக்க வந்துட்டீகளோ? கலியாணச் சீரா இது, கொறை சொல்லி வாங்கிட்டுப் போக?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

“எங்க பிரஸ்ல ஒரு அக்காவுக்குப் பிள்ள அசையலம்மா” என்றேன். அந்தத் தாளில் விழுந்திருப்பதையும் காட்டினேன்.

சிரிப்பு நின்றது. ஒருத்தரும் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை. அந்த அம்மா கத்தியைக் கீழே போட்டுவிட்டு வெட்டாத தாள்களைத் தேடி எடுத்தார். மற்றவர்கள் துண்டுகளைக் கிளறினார்கள். ஒரு பெண் தட்டிலிருந்த குழல்களை ஒவ்வொன்றாகக் கண்ணருகே வைத்துப் பார்த்து, ஈரமாக இருந்தவற்றை விரித்தார். இரண்டு கிழிந்தன. “காஞ்சத விரிக்க முடியாதுப்பா” என்று மெதுவாகச் சொன்னார். காய்ந்தவற்றைப் பின்னால் ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். நான் அந்தச் சாக்கின் பக்கம் போகவில்லை.

நான் திரும்பி வந்தபோது அச்சகத்தில் யாரும் வேலை பார்க்கவில்லை. நான் கொண்டுபோனதை மேசையில் வைத்து, “இம்புட்டுதான்க்கா கெடைச்சுச்சு” என்றேன். அக்கா கத்தரிக்கோலை எடுத்தார். வெள்ளையில் கிடந்த உட்கருவை வட்டமாக வெட்டினார். மைதாப் பசையைத் தொட்டு, வெறும் வளையத்துக்குள் வைத்து அழுத்தினார். அடுத்த தாள். அதற்கடுத்தது. ஒவ்வொரு உருண்டையையும் வைத்த பிறகு, ஒட்டுகிறவரை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். அண்ணாச்சி மின்விசிறியை நிறுத்தினார், வெட்டியது பறந்துவிடக் கூடாது என்று.

ஒரு தாளில் கை வைத்தவர் கையை எடுக்கவில்லை. நாங்கள் எல்லோரும் தாளைப் பார்த்தோம். அவரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

“மிதிச்சிருச்சு” என்றார்.

வாயாடி அக்கா அழுதுவிட்டார். அண்ணாச்சி, “ஜூஸு வேல செஞ்சிருச்சு தாயி. போதும், எந்திரிங்க. வேன்காரருக்குப் போன் பண்ணியாச்சு” என்றார். அந்தப் பிள்ளை ஆடியில் நல்லபடியாகப் பிறந்தது, பெண். அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. அவர் எழுந்திருக்கவில்லை.

“இருங்க அண்ணாச்சி. மிச்சத்த உள்ள வச்சிட்டு வாரேன்.”

முழுத் தாள்கள் முடிந்துவிட்டன. மிச்சமிருந்தவை துண்டுகளிலும் விரித்த குழல்களிலும் இருந்தவை. அவற்றின் வளையங்கள் வெட்டில் எங்கேயோ போய்விட்டன. மேசையில் உருண்டைகள் மட்டும் கிடந்தன. அக்கா அவற்றை விரலால் ஒன்றாகக் கூட்டினார். பிறகு ஒட்டி முடித்த ஒரு தாளை இழுத்து, இடது பக்கம், செடியின் நடு அறையில் விரலை வைத்து என்னிடம் கேட்டார்.

“இது என்ன செய்யும்?”

“நுண்குமிழ்க்கா. தண்ணி, சாப்பாடு எல்லாத்தையும் சேத்து வைக்கும்.”

“கெட்டுப்போகுமா உள்ள?”

“அப்படி ஒண்ணும் போடலக்கா.”

அவர் முதல் உருண்டையை எடுத்து அதற்குள் வைத்தார். பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

“இங்கன இருக்கட்டும். இதுக்குச் சுவரு இருக்குல்ல” என்றார்.