மாமாவை அப்பாவாக்கிய சாயங்காலம்

ஒரே ஒரு சாயங்காலம், அதுவும் அரை மணி நேரத்துக்கு, என் தாய்மாமா எனக்கு அப்பாவாக இருந்தார். எல்லாம் ஒரு வாடகை வீட்டுக்காக.

அப்போது நான் மூன்றாவது படித்தேன். திருச்செங்கோட்டில் குடியிருந்தோம். அப்பா ரிக் வண்டியோடு போர்வெல் போட மத்தியப் பிரதேசம் போயிருந்தார். சிக்னல் கிடைத்தால்தான் பேசுவார். இருந்த வீட்டின் ஓனரோ, தை மாதம் மகனுக்குக் கல்யாணம், வெள்ளையடிக்கணும், காலி பண்ணுங்க என்று சொல்லிவிட்டார். மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் ஊரில் யாரும் வீடு மாற மாட்டார்கள், குடிவைக்கவும் மாட்டார்கள். அன்றைக்குக் கார்த்திகையின் கடைசி நாள். அன்று பால் காய்ச்சாவிட்டால் சாமான்களோடு ரோடுதான்.

ஊரில் வீடு இல்லாமல் இல்லை. டைல்ஸ் போட்ட மாடி வீடுகள் போர்டு மாட்டிக்கொண்டு காத்துக் கிடந்தன. அந்த வாடகையெல்லாம் லாரி ஓனர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். எங்களுக்குத் தோதான, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளிலோ எங்கே போனாலும் ஒரே கேள்வி: "ஊட்டுக்கார்ரு எங்கீங்க?" ரிக்கில் போயிருக்கிறார் என்றால் கதவு சாத்திக்கொள்ளும். இத்தனைக்கும் அந்தத் தெருக்களில் பாதி ஆம்பளைகள் ரிக்கில்தான் இருந்தார்கள். செம லாஜிக்.

கடைசியாக மலைக்குப் பின்பக்கம் ஒரு லைனில் ஒரு வீடு காலி. ஓனரம்மா எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆம்பள வந்து மூஞ்சியக் காட்டட்டும் அம்மிணி. அப்பறம் சாவி தாரேன்."

அம்மா தெருமுனைக்கு வந்து தன் தம்பிக்குப் போன் போட்டார். நாமக்கல்லில் முட்டை வண்டி ஓட்டும் மாமா, லோடு இறக்கிய கையோடு வண்டியிலேயே வந்து நின்றார்.

"கண்ணு, மாமான்னு வாயத் தொறந்தீன்னா நாமெல்லாம் நடுத்தெருவுலதான் படுக்கோணும். அப்பான்னு கூப்பிடு" என்றார் அம்மா.

"எனக்கு ஒரு பொண்ணு பாக்க முடியல உங்களால, அதுக்குள்ள மூணாவது படிக்கற புள்ளையா!" என்றார் மாமா. அம்மா சிரிக்கவில்லை.

ஆரம்பம் நன்றாகத்தான் போனது. "ரிக் வண்டி எந்தப் பக்கம் ஓடுதுங்க?" என்று ஓனரம்மா கேட்டார். மாமா கெத்தாகப் பதில் சொன்னார். அதோடு விட்டாரா? பாறை, துளை போடும் பிட்டு, குழாய் என்று தெரியாததையெல்லாம் அளந்துவிட ஆரம்பித்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அம்மா, "டேய், வாய மூடுடா!" என்றார்.

எங்கள் பக்கம் புருசனை 'ஏனுங்க' என்பார்கள். 'டேய்' என்று கூப்பிட்டு ஒருத்தரும் கேட்டதில்லை. மாமா வானத்தைப் பார்த்தார்.

ஓனரம்மா என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். "சாமி, இது யாரு?"

அம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின.

"அப்பா."

"அப்பா உனக்கு என்ன வாங்கியாந்தாரு?"

"முட்டை" என்றேன்.

ஓனரம்மா எழுந்து உள்ளே போனார். கதவு பாதி சாத்திக்கொண்டது. அம்மா பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். மாமா முணுமுணுத்தார்: "போச்சுக்கா."

கதவு திறந்தது. ஓனரம்மா கையில் சாவி.

"பொழுது எறங்கறதுக்குள்ள பாலக் காய்ச்சு. தம்பி, நீ அப்பப்ப வந்து வண்டிய வாசல்ல நிறுத்திட்டுப் போ." பிறகு அம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உன்ற ஊட்டுக்கார்ரு செருப்பு ஒரு சோடி இருந்தா வெளிய கெடக்கட்டும் அம்மிணி. போறவன் வாரவன் கண்ணுல படோணும்."

என் நடிப்பால்தான் வீடு கிடைத்தது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அம்மா அப்பாவின் பழைய செருப்பை வாசலில் வைத்தார். ஓனரம்மா வீட்டு வாசலிலும் பெரிய ஆம்பளைச் செருப்பு ஒரு ஜோடி கிடப்பதை மறுநாள்தான் கவனித்தேன். நாங்கள் அங்கே இருந்த காலம் முழுக்க அதை யாரும் போட்டு நான் பார்க்கவில்லை.

"ஓனரய்யா எப்பம்மா வருவாரு? செருப்பில்லாம போயிருக்காரே, கால் சுடாதா?" என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டேன்.

அம்மா எழுந்து போய், எங்கள் வாசலில் கிடந்த செருப்பில் படிந்திருந்த தூசியைத் தட்டிவிட்டு வந்தார்.