புது வீட்டில் எந்தப் பால்

"...நுரையப் பாத்துட்டுப் பொங்கிடுச்சு பொங்கிடுச்சுன்னு கத்துறாளே, நுரை வேற, பொங்குறது வேறன்னு யாராச்சும் அவளுக்குச் சொல்லுங்கப்பா!"

வாசல்படிக்கு வெளியே நின்றுகொண்டு அந்த அம்மா சொன்னார். மூலக்குளத்தில் அவருடைய மகள் கட்டிய வீட்டுக்கு அன்று காலையில் பால் காய்ச்சினார்கள். படியில் நின்றால் அடுப்பு நேராகத் தெரிகிற சின்ன வீடு. அடுப்பில் இருந்தது சோயாப் பால். வந்திருந்த பதினைந்து இருபது பேருக்கும் ஒரே கவலைதான், அம்மா படி தாண்டுவாரா, வந்த வழியே பஸ் ஏறிவிடுவாரா என்று. டீ கேனோடு நானும் ஒரு மூலையில் நின்றிருந்தேன்.

மகளை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். நெல்லித்தோப்பில் என் டீக்கடைக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவர். முதல் நாள் வந்தபோதே, "அண்ணே, பால் ஊத்தாம ஒண்ணு" என்றார்.

"ஏம்மா, வயித்துக்கு ஆவாதா?"

"மாட்டுக்கு ஆவாதுண்ணே."

எனக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. நல்ல பேச்சு காதில் விழுந்தால் ஒரு டீக்குக் காசு வாங்காமல் விடுகிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அப்புறம் அவருக்காக என்னென்னவோ செய்து பார்த்தேன். தேங்காய்ப்பாலை மாட்டுப்பால் மாதிரியே அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிட்டேன். திரிந்து, மேலே எண்ணெய் மிதந்தது. குழம்பு வைக்கிற யாருக்கும் தெரிந்த விஷயம், டீ போடுகிறவனுக்கு அந்த நேரம் தோன்றவில்லை. வேர்க்கடலைப் பால் டீயைத் தெரியாமல் எடுத்துக் குடித்த ஆட்டோக்காரர், "இன்னாண்ணே, கடலை உருண்டையக் கரைச்சிட்டியா?" என்றார். கடைசியில் பாக்கெட் சோயாப் பாலில் வந்து நின்றோம். அந்த ஒரு டம்ளருக்குத் தனிப் பாத்திரம், தனி வடிகட்டி.

பாலை ஏன் விட்டார் என்று ஒரு மத்தியானம் சொன்னார். அவருடைய அம்மா இரண்டு மாடு வைத்து, வீடு வீடாகப் பால் ஊற்றிப் பிள்ளைகளை வளர்த்தவர். ஒரு தடவை கன்று செத்துப்போக, அதன் தோலில் வைக்கோலைத் திணித்துத் தைத்து மாட்டின் முன்னால் நிறுத்தினார்கள். "காலையிலயும் சாயங்காலமும் நான்தாண்ணே அதைத் தூக்கிட்டுப் போவேன். மாடு அதை நக்கும். நக்க நக்கப் பால் எறங்கும்." அப்போது அவருக்குப் பத்து வயது. பாலை விட்டது ரொம்பக் காலம் கழித்துத்தான்.

வீடு முடிகிற நேரத்தில் அம்மா சொல்லிவிட்டார்: "பால் பொங்காத வூட்டுல நான் கால் வெக்க மாட்டேன்."

மகளுக்குத் தூக்கம் போயிற்று. அந்தச் சமயத்தில்தான் சிங்கப்பூரில் இருந்து அவருடைய தம்பி ஒரு டப்பாவோடு வந்து இறங்கினார். பால் பவுடர். ஆனால் மாடு கிடையாது. தொட்டியில் நுண்ணுயிரை வளர்த்து, பாலில் இருக்கிற அதே புரதத்தை அதைக்கொண்டு செய்து எடுக்கிறார்களாம். "மாவு புளிக்கிறாப்பலதாண்ணே" என்று எனக்கு விளக்கினார். "அம்மாவுக்குப் பால். அக்காவுக்கு மாடு இல்ல. முடிஞ்சுது கதை."

என் கடை அடுப்பிலேயே கரைத்துக் காய்ச்சினோம். பசும்பால் மாதிரியே எழுந்தது. வாசனையும் கிட்டத்தட்ட அதுதான். அம்மாவிடம் போனில் சொன்னதற்கு, "மாடு இல்லாத பாலா? மாப்ள இல்லாத கல்யாணம் மாதிரில்ல இருக்குது!" என்று சிரித்தாராம். அப்புறம், "பொங்குச்சின்னா சரி" என்று ஒத்துக்கொண்டார்.

மகள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அவரைப் போலப் பாலை விட்டவர்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். இந்த டப்பாவை வைத்து அங்கே நாலு நாள் சண்டை. எல்லாரும் இதைக் குடித்தால் தொழுவமே காலியாகும், முதலில் நாம்தான் குடிக்க வேண்டும் என்றார் ஒருவர். பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாது, ஆகவே இதுவும் பால்தான் என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள், "சாராயத்த உட்டவனுக்குச் சாராய வாசனையில சோடா குடுக்குற கதை" என்று எழுதியிருந்தார். அதை மட்டும் மகளை இரண்டு முறை வாசித்துக் காட்டச் சொன்னேன்.

மகள் தம்பியிடம் சொன்னது அதையெல்லாம் தாண்டிவிட்டது. "அன்னிக்கு மாட்ட ஏமாத்த வைக்கோல் கன்னு. இன்னிக்கு என் நாக்க ஏமாத்த வைக்கோல் மாடா? எனக்கு வேணாம்டா. நான் சோயாவ ஆட்டிக் காய்ச்சிக்கிறேன்."

தம்பி செய்த தப்பு, இதை அப்படியே போய் அம்மாவிடம் ஒப்பித்தது.

மறுநாள் அம்மா என் கடைக்கு வந்தார். உட்காரவில்லை. "தம்பி, வைக்கோல் கன்னு கட்டலன்னா அந்த மாடு மடி வத்திப் போயிருக்கும். அது வத்தியிருந்தா இவளுக்குப் பள்ளிக்கூடம் ஏது? அதச் சொன்னாளா உங்கிட்ட?"

"சொல்லலம்மா."

"சொல்ல மாட்டா" என்று சொல்லிவிட்டு, கொடுத்த டீயைத் தொடாமல் போனார். ஆறின டீயைக் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவினேன்.

பால் காய்ச்சுகிற அன்று அம்மா வரத்தான் செய்தார். ஆனால் படியோடு நின்றுவிட்டார். மகளும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுப்புக்குப் போய்விட்டார். புது வீட்டுக்குப் பாக்கெட் வேண்டாமென்று இரவே சோயாவை ஊறப்போட்டு, ஆட்டி, துணியில் பிழிந்து வைத்திருந்தார். பாக்கெட்டில் வருவது ஏற்கெனவே காய்ச்சினது. பச்சைப் பாலை அவர் அடுப்பில் ஏற்றுவது அன்றுதான் முதல் தடவை. அது சரியாகச் சூடேறும் முன்பே நுரைத்துக்கொண்டு மேலே வரும். அப்போது இறக்கினால் பச்சை வாடை போகாது, குடிக்கிறவர்கள் வயிற்றையும் கெடுக்கும். இதைக் கேள்விப்பட்டிருந்த நானும் வாயைத் திறக்காமல் நின்றேன்.

நுரை விளிம்புக்கு வந்தது. "பொங்கிடுச்சும்மா!" என்று மகள் கத்தினார். யாரோ மணியடித்தார்கள். மகளின் கை அடுப்பை அணைக்கப் போனது. அப்போதுதான் அம்மா நுரை வேறு, பொங்குவது வேறு என்றார். சோயாப் பாலை அவர் அதற்கு முன்னால் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

மணி நின்றது. மகள் திரும்பாமலே, "அப்ப நீதான் வந்து பாரேன்" என்றார்.

அம்மா புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு, படியில் போட்டிருந்த ஈரக் கோலத்தை மிதிக்காமல் தாண்டி, எங்களை விலக்கிக்கொண்டு நேரே அடுப்புக்குப் போனார். மகளைத் தோளால் ஒரு இடி இடித்து நகர்த்தினார். தீயைச் சிறிதாக்கினார். "கரண்டி எங்க?" என்று கேட்டு வாங்கி, அடிப்பிடிக்காமல் கிளறத் தொடங்கினார்.