பச்சைப் பெட்டியில் இருந்த மார்க் ஷீட்டுகள்

உங்கள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் இப்போது எங்கே இருக்கிறது? பீரோவில், லேமினேட் பண்ணி, அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில். சரிதானே? எங்கள் பாகூர் டீமில் யாரைக் கேட்டிருந்தாலும் ஒரே பதில்தான் வந்திருக்கும்: கோச் வீட்டில், பச்சை டிரங்குப் பெட்டியில்.

கோச் வெளியூர் டீம்களுக்கெல்லாம் ஃபுட்பால் சொல்லிக்கொடுத்துவிட்டு, சொந்த ஊருக்கே திரும்பி வந்தவர். எங்கள் பக்கம் சில கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தால் ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பதினோரு மாதம் முடியாமல் திருப்பித் தரமாட்டார்கள். ரெண்டு மாசம் போய்ட்டு வரேன் என்று வேனில் ஏறியவன், காலேஜ் சேரும் நேரத்தில் கையில் பேப்பர் இல்லாமல் நிற்பான். அப்புறம் எங்கே காலேஜ்? அதே வேன்தான். அதனால் கோச் கம்பெனிக்காரனை முந்திக்கொண்டார். மார்க் ஷீட்டை அவரிடம் கொடுத்தால்தான் ஜெர்சி. கவர் மேல் ஜெர்சி நம்பரை எழுதிப் பெட்டியில் போட்டுவிடுவார். அட்மிஷனுக்கு அவரே அதை எடுத்துக்கொண்டு மொபெட்டில் கூட வருவார். வேலை முடிந்ததும் திரும்பப் பெட்டிக்கு. டிகிரி முடித்தால்தான் விடுதலை.

என்னுடையது ஏழாம் நம்பர். பிளஸ் டூ முடித்ததும் என்னைக் கம்பெனிக்கு அனுப்ப நினைத்து, அப்பா அவரிடம் பேப்பர் கேட்டுப் போனார். கோச் முடியாது என்று சொல்லவில்லை. டீ கொடுத்தார், பழைய மேட்ச் கதை பேசினார். மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்து அதே கதையை மறுபடி பேசினார். நாலாவது நாள் அப்பா சலித்துப்போய் என்னை பி.சி.ஏ. சேர்த்துவிட்டார்.

அப்படிப் படித்த நான்தான், காலேஜ் கடைசி வருடம், கிரவுண்டில் எல்லோர் முன்னாலும் அவரிடம் சட்டம் பேசினேன். அடுத்தவர் சர்ட்டிஃபிகேட்டைப் பிடித்து வைப்பது தப்பு, கம்பெனி செய்தாலும் நீங்கள் செய்தாலும் ஒன்றுதான் என்றேன். அவர் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டே, "தப்புதான்டா. இன்னா இப்ப? கேஸ் போடு, நானே உன்ன மொபெட்ல இட்டுனு போறேன்" என்றார். டீமே சிரித்தது. எனக்குக் காதெல்லாம் எரிந்தது.

போன மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டார். காரியம் முடிந்ததும் அவர் மனைவி பெட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார். நீ படித்த பையன், பார்த்துச் செய் என்றார்.

பார்த்துச் செய்திருக்கலாம். நான் வேகமாகச் செய்தேன். ஞாயிறு காலை கிரவுண்டில் ஒரிஜினல்கள் திருப்பித் தரப்படும், வர முடியாதவர்கள் வீட்டில் யாரையாவது அனுப்பலாம் என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். கூடவே, இது உங்கள் உரிமை என்று ஒரு வரி. ஹார்ட்டாக வந்து கொட்டியது. இரண்டு மணி நேரத்தில் பெட்டி காலி. நம்பர் வரிசையில் நோட்டில் கையெழுத்து. பக்கா.

பதினாறாம் நம்பர் பொண்ணுங்க டீமின் கோல்கீப்பர். நர்ஸிங் சேரப் போகிறாள், வியாழக்கிழமை கலந்தாய்வு. அது எனக்குத் தெரியும். அவள் வரவில்லை, அவள் அம்மா வந்தார். எங்கே அவள் என்று கேட்டேன். ஜுரம் என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டேன். அந்தம்மா கவரை முந்தானையில் சுற்றிக்கொண்டு கொஞ்சம் வேகமாகத்தான் போனார். பார்த்தேன். அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஜுரமெல்லாம் இல்லை. குரூப்பில் இருப்பது அவள் அம்மாவின் போன். மெசேஜையே அவள் பார்த்திருக்கவில்லை.

"என் மார்க் ஷீட்ட யாருகிட்டண்ணா குடுத்த?"

"உங்கம்மா கைலதான்."

"அம்மா அத நேத்தே கம்பெனில குடுத்துடுச்சி. உன்ன யாரு குடுக்க சொன்னது? கோச் இருந்தா குடுத்திருப்பாரா?"

உன் பேப்பர், உன் வீடு என்று ஏதோ ஆரம்பித்தேன். அவள் நிற்கவில்லை.

உடனே கம்பெனி கேட்டுக்கு ஓடினேன். உள்ளே விடவில்லை. போனில் பேசியவர் பதினோரு மாதம் என்றார். கலந்தாய்வு ஆபீசில் ஒரிஜினல் இல்லாமல் சீட் இல்லை என்றார்கள். டூப்ளிகேட் வாங்க, தொலைந்துவிட்டது என்று போலீசில் எழுதிக் கொடுத்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

புதன்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கொத்தனாரான அவள் அப்பா சாரத்திலிருந்து விழுந்து மூன்று மாதமாகப் படுக்கை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தம்மா என்னைத் திட்டவில்லை, சேர் எடுத்துப் போட்டார். நாளையிலிருந்து அவளை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். அப்புறம், என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நான் கேட்ட ஒடனே நீ குடுத்துட்ட தம்பி. கோச் இருந்தா தெனம் வந்து இங்கியே ஒக்காந்துனு இருப்பாரு. நானும் அனுப்பியிருக்க மாட்டேன்."

அந்தச் சேரில் உட்கார்ந்தேன். கோச் மாதிரி பேச என்னிடம் ஒரு மேட்ச் கதைகூட இல்லை.

இன்று வியாழக்கிழமை, கலந்தாய்வு நாள். மணி பதினொன்றரை. அவள் ஃபர்ஸ்ட் ஷிஃப்டில் இருக்கிறாள்.