சம்பளக் கணக்கில் என் பெயர் மட்டும்

பட்டாளத்தில் சேர்ந்ததும் முகாம் வாசலில் இருந்த வங்கியிலேயே சம்பளக் கணக்கு தொடங்கினேன். எங்கள் சின்னமனூரில் அதற்குக் கிளை இல்லை. கணக்கு என் பெயரில் மட்டும். ஏடிஎம் கார்டும் என்னிடம்தான். மாதாமாதம் செல்போனில் மனைவிக்குப் பணம் அனுப்பிவிடுவேன்.

போன பனிக்காலத்தில், அந்த மாதப் பணத்தை அனுப்புவதற்குள், சிக்னலே இல்லாத மலைக் காவலுக்குப் போனேன். பன்னிரண்டு நாள் கழித்து இறங்கி வந்து மனைவி செல்வியை அழைத்தேன். எடுத்ததும் அழுதாள். நாலு வயது மகளுக்கு டெங்குவாம். தேனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் தனியாளாகச் சேர்த்திருக்கிறாள்.

"முன்பணம் கட்டச் சொன்னாக. காதுல கெடந்த தோட்டை அடகு வச்சுக் கட்டுனேன். ஒரு நாள் பிந்தியிருந்தா புள்ளை பிழைச்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாக."

"யார்கிட்டயும் கேக்கலையா?"

"கேட்டேங்க. புருசன் மிலிட்டரில இருக்காக, ஒனக்கென்ன கொறைன்னுட்டாக."

கூடாரம் நிறைய ஆட்கள் இருந்தும், யாருமில்லாத இடத்தில் நிற்பதுபோல் இருந்தது.

விடுமுறையில் வந்ததும் முதல் வேலையாக ஊரில் கிளை உள்ள வங்கியில் இருவர் பெயரிலும் கணக்கு தொடங்கி, சம்பளத்தை அதற்கு மாற்றினேன். கார்டு இப்போது செல்வியிடம்தான் இருக்கிறது. மலைக்குப் போகும் நாட்களையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இந்த முறை கிளம்பும்போது அவள் சொன்னாள்: "பணத்துக்கு வழி பண்ணிட்டீக. அன்னைக்கு ஆஸ்பத்திரில பக்கத்துல ஒக்கார ஆளில்லாமத்தாங்க அழுதேன்."