கட்டுரைக்கும் பக்க விளைவு உண்டு

மருந்து அட்டைப்பெட்டிக்குள் பதினாறாக மடித்துத் திணித்திருக்கும் மெல்லிய காகிதத்தை உலகத்தில் யாரும் படிப்பதில்லை. அதை எழுதுவதுதான் என் உத்தியோகம்.

அமெரிக்காவில் பார்சிப்பனி என்ற ஊரில் ஒரு மருந்துக் கம்பெனி. முதலில் மருந்தின் பெருமை, அப்புறம் எத்தனை வேளை சாப்பிட வேண்டும், கடைசியில் பக்க விளைவுகள். தப்பித்தவறி யாராவது பிரித்துப் படித்தாலும் அந்தக் கடைசிப் பகுதியைத்தான் படிப்பார்கள். இதற்கு முன்னால் வேறொரு கம்பெனியில் இருந்தேன். அங்கிருந்து இங்கே வந்தது ஒரு தனிக் கதை. அது இங்கே வேண்டாம்.

ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரும் ஒரு பொங்கல் பாட்லக்கில் யாரோ, "சாருக்கு இங்கிலீஷ் எழுதறதே வேலை" என்று கொளுத்திப் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து செப்டம்பர் பிறந்தால் சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டு வாசலில் கார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையை வைத்துக்கொண்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பவர்களே, உங்களுக்குத் தெரியாததா? நம் ஊரில் மார்க்கைக் காட்டினால் போதும். இங்கே காலேஜ்காரன் மார்க்கையும் வாங்கிக்கொண்டு, "நீ யார், ஐந்நூறு வார்த்தையில் சொல்" என்கிறான். நான் யாருக்கும் எழுதித் தர மாட்டேன். பிள்ளைகள் எழுதி வந்ததில் சிவப்புப் பேனாவால் கோடு போடுவதோடு சரி.

நான் சொல்லப்போவது தொண்ணூற்றெட்டாம் வருஷத்து சீசன். அந்த வருஷம் என் மகன் அருணும் பன்னிரண்டாம் வகுப்பு. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் என் பேனாவுக்குக் கீழே வந்து போக, அவன் மட்டும் தன் கட்டுரையைக் கண்ணில் காட்டவில்லை. கேட்டால், "நாட் யெட், அப்பா." டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் தபாலில் சேர்த்தாக வேண்டும். என்னிடம் காட்டாமலே அனுப்பிவிடுவானோ, அப்படி என்னதான் எழுதியிருக்கிறான் என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. என் மனைவி கல்யாணி வந்தவர்களுக்குக் காபி கலந்துகொண்டே சொன்னாள்: "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி."

இரவல் கஷ்டம்

சீசனின் முதல் போணி செல்வராஜ். கோபிசெட்டிபாளையத்துக்காரர், கம்ப்யூட்டர் வேலை. மகன் கார்த்திக்கைக் கையோடு கூட்டி வந்திருந்தார். 'நீ எதிர்கொண்ட ஒரு கஷ்டத்தைப் பற்றி எழுது' என்பது கேள்வி. கட்டுரையைப் படித்தேன். பையன் விடிகாலையில் எழுந்து ஆறு மைல் நடந்திருக்கிறான். ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டிருக்கிறான். பவர் கட்டில் மெழுகுவர்த்தி வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறான். நிமிர்ந்து பார்த்தேன். கார்த்திக் காதில் ஹெட்போனோடு, ஐந்து ஜோடி ஷூவில் ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி எப்பங்க ஆறு மைல் நடந்தாப்ல?" என்று அவர் பாஷையிலேயே கேட்டேன். செல்வராஜ் கொஞ்சமும் அசரவில்லை. பையன் ஸ்கூலுக்கு பஸ் வீட்டு வாசலுக்கே வருகிறது, அவனுக்கென்று ஒரு கஷ்டத்துக்கு எங்கே போவது, அதனால் தன்னுடையதை எடுத்துக் கொடுத்ததாகச் சொன்னார். அது உங்கள் கஷ்டமாயிற்றே என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்பன் பாடுபட்டு வாங்குன வீட்டுல பையனுக்குப் பங்கு இருக்குதுங்க, பட்ட பாட்டுல மட்டும் பங்கு இல்லீங்களா?"

கீழ்ப்படிதலுள்ள மாணவன்

டெக்ஸஸில் பிளானோவில் இருக்கும் என் மச்சான் ரமேஷ், தன் மகன் எழுதியதை ஃபேக்ஸில் அனுப்பினான். 'பெருமதிப்பிற்குரிய ஐயா' என்ற பொருளில் தொடங்கியது. நடுவில் இரண்டு இடத்தில் 'தங்கள் மேலான சமூகத்துக்குப் பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில்' என்பதற்கு இணையான இங்கிலீஷ். முடிவில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்'. காய்ச்சலுக்கு லீவ் லெட்டர் எழுதுகிற அதே அச்சு. டல்லஸில் பிறந்து, பேஸ்பால் ஆடுகிற பையனுக்கு இந்த பாஷை எங்கிருந்து வரும்? அப்பன்காரன் ராவோடு ராவாகத் திருத்தியிருக்கிறான்.

போனில் பிடித்துத் திட்டினேன். இதைப் படித்தால் பையன் காலேஜ் கேட்கிறானா, கருணை மனு போடுகிறானா என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும் என்றேன். மச்சானுக்குக் குரல் இறங்கிவிட்டது. "என்ன அத்திம்பேர், மரியாதையா கேட்டா சீட் குடுக்க மாட்டானா?"

மூன்று அரங்கேற்றம், ஒரு சலங்கை

இது என் தப்பு. ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

நம் பெண்கள் பாதிப்பேர் அரங்கேற்றத்தைப் பற்றித்தான் எழுதுவார்கள். அந்த வருஷம் முதலில் வந்தவள் திவ்யா. வர்ணம் ஆடும்போது வலது கால் சலங்கை அவிழ்ந்துவிட்டது, நிறுத்தாமல் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு ஆடி முடித்தாள் என்று ஒரு வரி எழுதியிருந்தாள். மற்ற வரியெல்லாம் பட்டுப்புடவை, பூமாலை, அப்பா அம்மாவுக்கு நன்றி. எல்லாவற்றையும் வெட்டிவிட்டு அந்தச் சலங்கையிலிருந்து தொடங்கச் சொன்னேன். கட்டுரை நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரம் வந்த பிரியாவிடம், "உனக்கும் இந்த மாதிரி ஏதாவது ஆச்சாம்மா?" என்று கேட்டு திவ்யா கதையைச் சொன்னேன். அதற்கடுத்த வாரம் சுஜாவிடமும் சொன்னேன். நம் பெண்கள் பெரியவர்கள் பேச்சைத் தட்டாதவர்கள். இருவருக்கும் சலங்கை அவிழ்ந்துவிட்டது.

மூன்று பேரும் ஒரே காலேஜுக்கு விண்ணப்பம் போட்டார்கள். மூன்று பேருக்கும் ஒரே டான்ஸ் டீச்சர். சிபாரிசுக் கடிதம் கேட்டு மூன்று பேரும் மூன்று கட்டுரையை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் கான்டீனில் புளியோதரைத் தட்டோடு நின்ற என்னை டீச்சர் மடக்கினார். பிரியாவையும் சுஜாவையும் வேறு எழுத வைத்துவிட்டேன் என்று சத்தியம் பண்ணியும் அவர் ஆறவில்லை. "மூணு பொண்ணுக்கும் சலங்கை கட்டிவிட்டது நான் சார். மூணும் அவுந்துதுன்னா அந்த காலேஜ்ல என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

தோற்காத வம்சம்

நவம்பர் கடைசியில் நசீமா ஆன்ட்டி மகள் ஷபானாவோடு வந்தார். ஆம்பூர்க்காரர்கள், வீட்டுக்காரர் தோல் வியாபாரம். கேள்வி, 'நீ தோற்ற ஒரு சந்தர்ப்பம்'. ஷபானா கார் ஓட்டும் டெஸ்டில் மூன்று முறை ஃபெயிலானதை எழுதியிருந்தாள். மூன்றாவது தடவை பேரலல் பார்க்கிங்கில் அடையாளத்துக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்பைச் சாய்த்துவிட்டு, இறங்கிப் போய் அதை நிமிர்த்தி வைத்து, "சாரி" என்று கூம்பிடம் சொல்லியிருக்கிறாள். படித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆன்ட்டி சிரிக்கவில்லை. ஃபெயில் என்ற சொல்லே கட்டுரையில் இருக்கக்கூடாதாம். நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் காதில் விழுந்தால் என்ன ஆவது?

என் சித்தாந்தத்தை அவிழ்த்துவிட்டேன். "ஆன்ட்டி, மருந்துக் காகிதத்துல ஜனங்க நம்பறது ஒரே ஒரு இடம்தான், பக்க விளைவு. அதை மறைச்சா மருந்தையே நம்ப மாட்டாங்க. மனுஷனுக்கும் அதேதான். கூச்சமா இருக்கறதைத்தான் எழுதணும்." அருண் ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு, பால் கேனைக் கையில் பிடித்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றான். வீட்டில் நடந்ததை வெளியில் சொல்லப் பயந்தே செத்துப்போகிற ஜனங்கள் நாம் என்று அவனைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவன் கண்ணடிக்கவில்லை. ஆன்ட்டி ஒருவழியாக இறங்கி வந்தார். "சரி, எழுதட்டும். அந்த காலேஜ்ல ஆம்பூர்க்காரங்க யாரும் வேலை பாக்கலைன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க."

வீட்டுச் சரக்கு

டிசம்பர் முப்பது. காலையில் ப்ரின்டர் கரகரவென்று சத்தம் போட்டது. அருண் இரண்டு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். ஒரு சீசன் முழுக்கக் காத்திருந்தவன், நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன்.

ஆறாம் வகுப்பில் அவனை ஸ்கூலில் இருந்து டவுன் லைப்ரரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அங்கே, பத்திரிகைகள் அடுக்கிய மூலையில், நீல டை கட்டிய ஒருவர் வேலை காலி விளம்பரங்களைப் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டிருந்தார். அது அவனுடைய அப்பா. காலையில் "ஆபீஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய அதே அப்பா. அவன் கூப்பிடவில்லை. அப்பா பார்த்துவிடக்கூடாது என்று அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். வகுப்பு கிளம்பும்வரை அங்கேயே நின்றான். வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் சொல்லவில்லை. அப்பா சாயங்காலம் வந்து ஆபீஸ் கதை சொன்னபோது, நம்பியதுபோல் சிரித்தானாம்.

ஆரம்பத்தில் 'இங்கே வேண்டாம்' என்று நான் தள்ளிய கதை இதுதான். பழைய கம்பெனி ஒரு வெள்ளிக்கிழமை நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பியது. கிரீன் கார்டு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கல்யாணியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆறு வாரம் டை கட்டிக்கொண்டு லைப்ரரிக்குப் போனேன். இந்த மருந்துக் கம்பெனி வேலை கிடைத்ததும், "வேலை மாத்திட்டேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். யாருக்கும் தெரியாது என்று ஐந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவமானமாக இருந்தது. பதினொரு வயதுப் பிள்ளையை ஒளிய வைத்துவிட்டோமே என்பதுதான் அதைவிட வலித்தது. ஆனால் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "இதையெல்லாம் ஊருக்குச் சொல்லணுமா? அந்த காலேஜ்ல நம்மாளு யாராவது இருந்தா?"

சொல்லி முடிப்பதற்குள் அது யார் வசனம் என்று எனக்கே உறைத்துவிட்டது. அருண், "யூ டோல்ட் நசீமா ஆன்ட்டி..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். "வேணாம்னா வேற எழுதறேன்ப்பா. இட்ஸ் ஓகே." ஒரு நாளில் வேறு எழுதிவிடுவான். சொல் பேச்சுக் கேட்கிற பிள்ளை. டான்ஸ் ஆடத் தெரிந்திருந்தால் சலங்கையைக்கூட அவிழ்த்திருப்பான்.

"அம்மாகிட்ட காட்டிடாதே" என்றேன் மெதுவாக. அடுப்படியிலிருந்து கல்யாணி திரும்பினாள். அவள் நேற்றே படித்துவிட்டாளாம். கண் சிவந்திருந்தது. சண்டை வரும் என்று தயாரானேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "ஆறு வாரம் தினம் தயிர் சாதம் கட்டிக் குடுத்தேனே, லைப்ரரில சாப்பிட விடமாட்டானே, எங்க வச்சு சாப்பிட்டீங்க?"

"கார்ல" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

சிவப்புப் பேனாவைத் திறந்தேன். முதல் தாளில் வெட்ட ஒன்றும் இல்லை. இரண்டாவது தாளிலும் இல்லை. அப்பன் ஒன்றுமே திருத்தவில்லை என்றால் கௌரவம் என்னாவது என்று, 'நீல டை' என்ற இடத்தில் மட்டும் கோடு போட்டு, "மெரூன்டா. அப்ப என்கிட்ட நீலமே கிடையாது" என்றேன். அருண் பேனாவை என் கையிலிருந்து வாங்கி மூடி வைத்தான். "ப்ளூதான்ப்பா. இருபது நிமிஷம் அதையேதான் பார்த்துட்டு நின்னேன்."

மறுநாள் நானே போஸ்ட் ஆபீஸில் வரிசையில் நின்று, நீல டையை நீலமாகவே அனுப்பிவிட்டு வந்தேன். ஊரார் பெட்டியைப் பிரித்துப் பக்க விளைவு தேடுகிறவன், தன் வீட்டுப் பெட்டிக்குள் மடித்துக் கிடக்கும் காகிதத்தை முதலில் பிரித்துப் பார்த்துவிடுவது உடம்புக்கு நல்லது.