நீலக் கேனில் ஓர் உப்புக் கோடு

எங்கள் தொழுவத்தின் மூலையில் ஒரு நீலக் கேன் இருக்கிறது. கடைகளுக்குக் குடிதண்ணீர் போடுகிற இருபது லிட்டர் கேன்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், கழுத்துக்கு நான்கு விரல் கீழே உட்புறமாக ஒரு வெள்ளைக் கோடு சுற்றி ஓடுவது தெரியும். வருடக்கணக்கில் உப்புத் தண்ணீர் பிடித்துப் பிடித்துப் படிந்த கோடு. எதையும் இரண்டு முறை கழுவுகிறவள் நான். மகன் பிறந்த பிறகு அவன் சாமான்களுக்கு மட்டும் அது மூன்று முறையானது. பால் புட்டியைக் கொதிக்க வைத்து எடுத்த பின், போதுமான நேரம் கொதித்ததா என்று சந்தேகம் வந்து மறுபடி அடுப்பில் போட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட என் வீட்டில் அந்தக் கேன் இரண்டு வருடமாகத் தேய்க்கப்படாமல் இருக்கிறது. அதை உவரியிலிருந்து கொண்டுவந்தவரை நான் அக்கா என்று கூப்பிடுகிறேன். என் போனில் அவர் பெயர் 'குதிரை அக்கா'.

குதிரை வாங்குவது என் கணவரின் ஆசை. சிறு வயதில் குதிரை வண்டிப் பந்தயம் பார்க்க ஊர் ஊராகப் போனவர். உவரியில் கருவாட்டு வியாபாரம் செய்த ஓர் அண்ணாச்சி பந்தயத்துக்காக வளர்த்த பெண்குதிரை ஒன்று விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அண்ணாச்சி இறந்துவிட்டார். பிள்ளைகள் வெளியூரில். வியாபாரத்தையும் குதிரையையும் ஒற்றை ஆளாகப் பார்க்க முடியாமல், நல்ல இடமாக இருந்தால் கொடுத்துவிடலாம் என்று அவர் மனைவி நினைத்திருக்கிறார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மகனுக்கு அப்போது நான்கு வயது முடியவில்லை. உதைத்தால் என்ன ஆகும், கடித்தால் எந்த ஊசி போட வேண்டும் என்றுதான் என் யோசனை ஓடியது. எம்.எஸ்ஸி. வரை படித்தவள், பயம் வந்தால் நோட்டை எடுத்துவிடுவேன். கொள்ளு எவ்வளவு ஊற வேண்டும், என்ன புல் ஆகாது, குளம்பை எப்படிச் சுத்தம் செய்வது என்று தேடித் தேடி இருபது பக்கம் எழுதினேன். தண்ணீர் என்ற தலைப்பின் கீழ் மட்டும் ஒரே வரி இருந்தது: 'சுத்தமான தண்ணீர், எப்போதும்.'

அதற்கு மேல் எழுத எனக்கு எதுவும் தோன்றவில்லை. எங்கள் ஊர் அம்பாசமுத்திரத்துக்குப் பக்கம், ஆற்றிலிருந்து நாலு வயல் தள்ளி. இங்கே தண்ணீரைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை, பெருமைப்படுவதோடு சரி. சென்னையிலிருந்து உறவினர் வந்தால், அவர்கள் முதல் டம்ளரைக் குடித்து முடிக்கும்வரை என் மாமியார் எதிரிலேயே நின்று முகத்தைப் பார்ப்பார். பாராட்டு வந்த பிறகுதான் காப்பி போடப் போவார்.

ஜூன் மாதத்தில் ஒரு காலை, சின்ன லாரியில் குதிரை வந்தது. செவலை நிறம். அதன் பெயரும் செவலைதான். பலகை வழியாக இறங்கும்போது அதன் தொடைத் தோல் மட்டும் தனியாக நடுங்கியதை நான் வாசல் கம்பிக்குப் பின்னால் மகனை இறுக்கிப் பிடித்தபடி பார்த்தேன். கூடவே கொள்ளு மூட்டையும் பழைய கயிறும் இரண்டு நீலக் கேன்களும் வந்தன. டிரைவர், "இதையும் எறக்கச் சொன்னாங்க" என்று கேன்களை வைத்துவிட்டுப் போனார். மூடியைத் திறந்தேன். கிணற்று வாடை. ஒரு சொட்டு நாக்கில் வைத்தால் உப்பு. வழியில் வண்டி கழுவ வைத்திருந்த தண்ணீர் போலும் என்று முடிவு செய்து சாக்கடையில் கொட்டினேன். செடிக்குக் கூட ஊற்றவில்லை, பட்டுப்போகுமே என்று. கேனுக்குள் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. தேங்காய் நாரைக் குச்சியில் கட்டி, சோப்புப் போட்டு, இரண்டு கேனிலும் அந்தக் கோடு போகும்வரை தேய்த்தேன். பிறகு குழாயில் ஆற்றுத் தண்ணீர் பிடித்து நிரப்பி வைத்தேன். நல்ல காரியம் செய்த திருப்தி இருந்தது. வேலை மும்முரத்தில் இருந்த கணவர் கேனைக் கவனிக்கவில்லை. மறுநாள் காலை அவர் ஒரு கட்டடத்துக்கு வயரிங் வேலைக்காகக் கொச்சிக்குப் போனார். பன்னிரண்டு நாள் வேலை.

முதல் நாள் செவலை தண்ணீர் குடிக்கவில்லை. பயணக் களைப்பு என்றார் மாமியார். இரண்டாம் நாள் காலை வாளியில் மூக்கை வைத்தது, உதட்டை நனைத்தது, தலையைத் தூக்கி மேலுதட்டைச் சுருட்டியது, பிறகு வாளியை முகத்தால் தள்ளிவிட்டது. வாளி அழுக்கோ என்று கழுவினேன். வேறு வாளி வைத்தேன். வெயிலில் சூடாகிவிட்டதோ என்று புதிதாகப் பிடித்தேன். "நம்ம ஆத்துத் தண்ணிய வேண்டாங்குத சீவனும் உண்டுமா?" என்று மாமியார் செவலையிடமே கேட்டார். அவர் குரலில் கவலையைவிட அவமானம்தான் அதிகம். சாயங்காலம் லத்தி சிறுத்து, உருண்டையாக, காய்ந்து விழுந்தது. என் நோட்டின் பதினான்காம் பக்கத்தில் அது என்ன அறிகுறி என்று நானே சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன்.

கால்நடை டாக்டர் வந்து கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். தோல் உடனே படியவில்லை, மடிப்பாக நின்று பைய இறங்கியது. ஊசி போட்டார். பச்சைப் புல்லை நன்றாக நனைத்துக் கொடுக்கச் சொன்னார். "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள தானாக் குடிக்கணும்மா. இல்லன்னா மூக்கு வழியாக் குழாய் விட்டுத்தான் எறக்கணும். வயிறு கட்டிக்கிட்டா குதிரை தாங்காது" என்றவர், புறப்படும்போது ஒரு கேள்வி கேட்டார். "முன்ன இருந்த எடத்துல என்ன தண்ணி குடிச்சிது?"

அந்தக் கேள்வி காதில் விழுந்த கணத்தில் எனக்குச் சாக்கடையில் நுரையோடு ஓடிய தண்ணீர் ஞாபகம் வந்தது. "தெரியல சார்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். பக்கத்தில் மாமியார் நின்றார் என்பது ஒரு காரணம். படித்தவள், நோட்டுப் போட்டு எழுதியவள் இப்படிச் செய்தாள் என்று வெளியே தெரிய வேண்டாம் என்பது இன்னொன்று. டாக்டரின் பைக் தெருமுனை திரும்பியதும் கணவருக்குப் போன் செய்தேன். "அந்த அக்கா தண்ணி பத்தி ஏதோ சொன்னாங்க. ஏத்துற அவசரத்துல தலையாட்டிட்டு வந்துட்டேன். நீ அவங்களையே கேளு" என்று நம்பர் கொடுத்தார். பழியை அவர் தலையில் போட வழி கிடைத்துவிட்டது என்று ஒரு நிமிடம் நினைத்தேன். தொழுவத்தில் செவலை வெறும் வாளியின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது.

உவரிக்குப் போன் போட்டு, "அக்கா, அது தண்ணியே குடிக்க மாட்டேங்கு" என்றேன்.

"கேன்ல உள்ளத ஊத்திக் குடுத்தியா?"

நான் சாக்கடைப் பக்கம் பார்த்தேன்.

"ஏ பிள்ள, லைன்ல இருக்கியா?"

"கொட்டிட்டேங்க்கா. உப்பா இருந்துது. கேனையும் கழுவிட்டேன்."

திட்டுக்காகக் காத்திருந்தேன். "எத்தன தடவ கழுவுன?" என்று கேட்டார்.

"ரெண்டு."

அவர் சிரித்துவிட்டார். "பதினோரு வருசமா அது எங்க கெணத்துத் தண்ணிதான் குடிச்சிருக்கு. அதுக்குத் தண்ணின்னா உப்பாத்தான் இருக்கணும். ஒங்க ஊர்த் தண்ணிய அது தண்ணின்னே நெனச்சிருக்காது."

"நான் உப்புப் போட்டுக் குடுக்கட்டுமாக்கா?"

"ஒண்ணும் போடாத. அத ஏமாத்த முடியாது. நாளைக்கு மொத பஸ்சுல வாரேன். நீ அழாத, பிள்ளையப் பாரு."

உவரியிலிருந்து திசையன்விளை, அங்கிருந்து திருநெல்வேலி, அங்கிருந்து அம்பாசமுத்திரம். மூன்று பஸ். மறுநாள் பதினோரு மணிக்கு நான் பஸ் நிலையத்தில் ஆட்டோவோடு நின்றேன். வயதான பெண்ணை எதிர்பார்த்திருந்தேன். இறங்கியவருக்கு நாற்பத்தைந்துக்கு மேல் இருக்காது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. ஒரு கேனை இடுப்பிலும் ஒன்றைக் கையிலுமாக, மீன் கூடை தூக்கிப் பழகிய தோரணையில் இறங்கினார். கண்டக்டர் படியில் நின்று, "அம்பாசமுத்திரத்துக்கே தண்ணி கொண்டு வந்த ஆளு நீங்கதாங்க்கா" என்றார். அக்கா திரும்பாமலே, "எங்க வீட்டுச் சீமாட்டிக்கு ஒங்க ஊர்த் தண்ணி எறங்கலியாம் வே, என்ன செய்ய?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொன்னார். முதல் வாளி முழுக்க அவர் தண்ணீர். அடுத்த வாளியில் ஒரு செம்பு எங்கள் தண்ணீர், அதற்கடுத்ததில் இரண்டு செம்பு. அதற்குத் தெரியாமல் ஊர் மாற வேண்டும். வீட்டுக்கு வாருங்கள், பத்து நிமிடம்தான் என்று கூப்பிட்டேன். கருவாடு காயப்போட்டிருப்பதாகச் சொல்லி, ஒரு டீ மட்டும் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்.

அவர் தண்ணீரை வாளியில் ஊற்றி வைத்தேன். செவலை வந்தது. மூக்கை வைத்தது. காது இரண்டும் முன்னால் வந்தன. பிறகு தலையே தூக்கவில்லை. தொண்டைக்குள் தண்ணீர் இறங்கும் சத்தம் வாசல்வரை கேட்டது. அழுதுகொண்டே போன் செய்தேன். அக்கா திருநெல்வேலி பஸ்ஸில் இருந்தார். "குடிக்குக்கா" என்றேன். "நீ பேசாத. போன வாளிப் பக்கத்துல வையி" என்றார். வைத்தேன். வாளி காலியாகும்வரை அந்தப் பக்கமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பஸ்ஸின் இரைச்சல் மட்டும் கேட்டது. மாமியார் என் பின்னால் வந்து நின்று, "குடிச்சிட்டா?" என்று கேட்டுவிட்டு, கேனிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தார். அவரிடம் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். "நானா இருந்தாலும் கொட்டியிருப்பேன்" என்றார். திருமணமான ஆறு வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன மிக நல்ல வார்த்தை அது.

நான்கு நாள் கழித்து அக்கா இன்னும் இரண்டு கேன் கொண்டுவந்தார். அதற்கடுத்து ஒன்று. மூன்று முறையும் பஸ் நிலையத்தோடு திரும்பினார். தண்ணீரைக் கொட்டிய கோபம் உள்ளே இருக்கிறதோ, முகத்துக்காகப் பேசுகிறாரோ என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்றாம் முறை நேராகவே கேட்டுவிட்டேன்.

"கோவமா? போடி" என்றார். "என்னயப் பாத்துட்டா அது வீட்டுக்குக் கெளம்பச் சொல்லும். ரெண்டு நாளு பட்டினி கெடந்து பழகுனது வீணாப் போயிரும்." கேன் மூடியைத் திருகி இறுக்கினார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. "பெறவு எனக்கும் பஸ்சு ஏற முடியாது."

என் கையிலிருந்த பாட்டிலை நீட்டினேன். எங்கள் வீட்டுத் தண்ணீர். ஒரு மடக்குக் குடித்துப் பார்த்து, "என்னட்டி இது, ஒண்ணுமே இல்லியே. காத்தக் குடிச்ச மாதிரி இருக்கு" என்றார். மாமியாரிடம் நான் இதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அந்த மாதம்தான் மகனைப் பள்ளியில் சேர்த்திருந்தோம். தண்ணீர் பாட்டில் தினமும் நிறைந்தபடியே திரும்பி வரும். ஏன் குடிக்கவில்லை, ஏன் குடிக்கவில்லை என்று கேட்டு அவனை அழ வைத்திருக்கிறேன். பிறகு கேட்பதை நிறுத்தினேன். பாதி பாட்டில் வீட்டிலிருந்து, மீதி பள்ளிக் குழாயில் பிடித்துக் கொடுங்கள் என்று அவன் ஆசிரியையிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டு வாரத்தில் பாட்டில் காலியாக வந்தது. கலந்த தண்ணீரால்தானா, நான் கேள்வி கேட்காததாலா, நாள் போனதாலா என்று எனக்குத் தெரியாது.

இப்போது செவலை எங்கள் தண்ணீரைத்தான் குடிக்கிறது. சாயங்காலம் வாய்க்கால் கரைக்கு மகன் கயிற்றைப் பிடித்துக் கூட்டிப் போகிறான். கயிற்றின் இன்னொரு பகுதியை நான் பிடித்திருக்கிறேன், அவனுக்குத் தெரியாமல். அக்கா இன்னும் வந்து பார்க்கவில்லை. கூப்பிடுவதை நானும் நிறுத்திவிட்டேன். மாதம் ஒரு முறை போன் செய்வேன். நலம் விசாரித்து முடிந்ததும், அவர் கேட்காமலே போனை வாளிப் பக்கத்தில் வைப்பேன்.

கடைசியாக வந்த கேன்தான் மூலையில் இருப்பது. பொங்கலுக்குத் தொழுவம் முழுவதையும் கழுவினேன். வாளி, கயிறு கட்டும் முளை, தரை, சுவர் எல்லாம் இரண்டு முறை. கேனின் வெளிப்புறத்தை ஈரத் துணியால் துடைத்தேன். உள்ளே கோடு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன்.